கோச்சை மாற்றினால் கோப்பை வருமா?

மெட்டுகுடா மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் இரானி ஓட்டல் இருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அங்கே நாற்காலி கிடைப்பது குதிரைக் கொம்பு. ரயில்வேயில் ரிடையர் ஆனவர்கள், ரிடையர் ஆகப் போகிறவர்கள், எங்களைப் போல் நாற்பது வருஷத்துக்கு முன் பெட்டி படுக்கையோடு செகந்தராபாத்தில் வந்து இறங்கி இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள் என்று எல்லோரும் கூடுகிற இடம். தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் ஒரே டீக்கோப்பையில் கலக்கும். பென்ஷன் பேசுவோம், அரசியல் பேசுவோம், கிரிக்கெட் பேசுவோம். ஆனால் போன வருஷம் ஒரு மாதம் முழுக்க அங்கே பேசப்பட்டது ஒரு பெண்கள் கல்லூரியின் பாஸ்கெட்பால் கோச்சைப் பற்றி என்றால் நம்புவீர்களா?

அந்தக் கல்லூரி டீமில் என் இளைய மகள் ஆடுகிறாள். அதனால் எனக்கும் அந்தச் சர்ச்சையில் பங்கு உண்டு. சும்மா வேடிக்கை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்ள முடியாத அளவுக்குப் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கோச்சை எல்லோரும் 'மாஸ்டாரு' என்றுதான் கூப்பிடுவார்கள். ரயில்வேக்காக ஆடியவர். இருபத்திரண்டு வருஷமாகச் சொற்பத் தொகையை வாங்கிக்கொண்டு விடிகாலை ஐந்தரை மணிக்கு விசிலோடு கோர்ட்டில் நிற்பவர். ஆனால் கல்லூரிகளுக்கிடையேயான போட்டியில் டீம் மூன்று வருஷம் தொடர்ந்து முதல் ரவுண்டிலேயே தோற்றுத் திரும்பியது. பேச்சு கிளம்பிவிட்டது.

"இவர் சொல்லிக் கொடுக்கிறது முப்பது வருஷத்துக்கு முந்தைய ஆட்டம் சார். இப்ப மூணு பாயிண்ட் ஷாட்லதான் மேட்சே இருக்கு" என்றார் அந்தக் கல்லூரியில் தன் அக்கா ஆடிய நாளிலிருந்து ஒரு மேட்ச் விடாமல் பார்த்த ஒருவர்.

"உஸ்தாதைப் போய் யாராவது மாத்துவாங்களா?" என்றார் கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் உட்காரும் பாய்.

மூன்றாவது கட்சி எங்களுடையது. பெண்ணைப் பெற்றவர்களின் கட்சி. டீம் ஜெயித்தால் யுனிவர்சிட்டி டீமுக்கு ஆள் எடுப்பவர்கள் கண்ணில் பிள்ளைகள் படுவார்கள். யுனிவர்சிட்டிக்கு ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஒரு வழி பிறக்கும். முதல் ரவுண்டில் மூட்டை கட்டினால் யார் கண்ணில் படுவது? மாஸ்டாரு நல்லவர்தான், ஆனால் நம் பிள்ளையின் நாள் போகிறதே என்ற கவலை. நடுத்தரக் குடும்பத்துத் தகப்பன்மாருக்கு இந்தக் கவலைக்கு மேல் வேறு வாதம் தேவையில்லை.

பழைய மாணவிகள் சிலர் கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு மனு தட்டச்சு செய்தார்கள். ஏழாவது கையெழுத்து என்னுடையது.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது மகள் கேட்டாள்: "அப்பா, நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களாமே?"

"உன் நல்லதுக்குத்தாம்மா."

"இருக்கட்டும். பன்னிரண்டு பேர் ஆடறோம். எங்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

என்னிடம் பதில் இல்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எழுந்திருக்கவில்லை. கோச்சை மாற்றுவது என்பது உலகத்தில் எப்படியெல்லாம் நடந்திருக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கிடைத்ததை நம் சங்கத்துக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கண்டுபிடித்தவரே தோற்ற கதை

பாஸ்கெட்பாலைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற கனடாக்காரர். 1891 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக அவர் உருவாக்கிய ஆட்டம் இது. பீச் பழக்கூடை இரண்டை மாடிக் கைப்பிடியில் அடித்து மாட்டி, கால்பந்தை வைத்துக்கொண்டு, பதின்மூன்று விதிகளோடு ஆரம்பித்தார்.

பிறகு அவர் கான்ஸாஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1898 முதல் 1907 வரை அங்கே கோச்சாக இருந்தார். அவர் கணக்கு என்ன தெரியுமா? 55 வெற்றி, 60 தோல்வி! அந்தப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றிலேயே வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக உள்ள ஒரே கோச், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்தான். எங்கள் ஓட்டல் மேஜையில் அவர் அகப்பட்டிருந்தால் மூன்றாம் வருஷமே மனு தயாராகியிருக்கும்.

ஆனால் அவரிடம் ஆடிய ஃபாக் ஆலன் என்ற மாணவர், பின்னாளில் அதே கான்ஸாஸில் 39 பருவங்கள் கோச்சாக இருந்து பெரும் புகழ் பெற்றார். இன்றும் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டரங்குக்கு ஆலன் பெயர். அரங்கத்துக்குள்ளே பந்து தட்டும் தரைக்கு நெய்ஸ்மித் பெயர். கூரை சிஷ்யனுக்கு, தரை குருவுக்கு. கணக்கு அப்படித்தான் தீர்க்கப்பட்டிருக்கிறது.

அந்த ஒய்.எம்.சி.ஏ. வழி நம் ஊருக்கும் வந்தது. ஹாரி க்ரோ பக் என்ற அமெரிக்கர் 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி அதுதான். நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் பயந்து நடுங்கிய டிரில் மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அங்கே படித்து வந்தவர்கள். ஜெயிக்கவைப்பது மட்டுமே அவர்கள் வேலையாக இருக்கவில்லை. தெருவில் திரிகிற பையனை வரிசையில் நிற்கவைப்பதும் வேலையாக இருந்தது. அந்த வேலைக்கு ஸ்கோர் போர்டு கிடையாது.

பதினாறு பருவங்கள்

அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலில் எல்லோரும் கைகூப்பும் பெயர் ஜான் வுடன். கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்துக்கு 1948-ல் கோச்சாக வந்தார். 1964 முதல் 1975 வரை பன்னிரண்டு வருஷத்தில் பத்துத் தேசியப் பட்டங்கள், அதில் ஏழு தொடர்ச்சியாக. ஆனால் அந்த முதல் பட்டம் வந்தது அவருடைய பதினாறாவது பருவத்தில்!

இதை நான் இரானி ஓட்டலில் சொன்னதும் பாய் மேஜையைத் தட்டினார். எதிர்க்கட்சிக்காரர் மட்டும் மசியவில்லை. "அவர் அந்தப் பதினாறு வருஷமும் முதல் ரவுண்டுல தோத்துக்கிட்டா இருந்தார்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இல்லை. வுடன் வந்த முதல் வருஷத்திலிருந்தே வெற்றிகள்தான் அதிகம். எட்டாமல் இருந்தது தேசியப் பட்டம் மட்டுமே. ஆகையால் 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. டீம் வளர்கிறதா, தேங்கி நிற்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் கதையின் அடுத்த பாகத்தையும் கேளுங்கள். 1975-ல் வுடன் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு ஜீன் பார்ட்டோ வந்தார். இரண்டு பருவங்களில் 52 ஆட்டங்களில் வெற்றி, ஒன்பதில் மட்டுமே தோல்வி. எந்தக் கல்லூரியும் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டிய கணக்கு. ஆனால் வுடனுக்குப் பழகிய ரசிகர்களுக்கு அது போதவில்லை. விமரிசனம் தாங்காமல் 1977-ல் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். ரசிகனின் பசிக்கு அளவு கிடையாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நாற்காலி பறந்த இண்டியானா

மாற்றம் கட்டாயமாகத் தேவைப்பட்ட இடமும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் பாஸ்கெட்பால் என்றால் நம் ஊரில் கிரிக்கெட் மாதிரி. இண்டியானா பல்கலைக்கழகத்துக்கு 1971-ல் கோச்சாக வந்தவர் பாப் நைட். 1976, 1981, 1987 என்று மூன்று தேசியப் பட்டங்கள். 1976-ல் ஆடிய 32 ஆட்டங்களிலும் வெற்றி. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற அமெரிக்க ஆண்கள் அணிக்கும் அவர்தான் கோச். தன் மாணவர்கள் படிப்பை முடித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பதில் கறாரானவர் என்ற நல்ல பெயரும் இருந்தது.

கூடவே கோபமும் இருந்தது. 1985-ல் நடுவர் மீதுள்ள ஆத்திரத்தில் ஒரு நாற்காலியைத் தூக்கி மைதானத்துக்குள் வீசினார். ஜெயிக்கிறாரே என்று ஊர் அதைச் சிரித்துக் கடந்தது. 1997-ல் பயிற்சியின்போது ஒரு மாணவரின் கழுத்தில் அவர் கைவைத்த வீடியோ 2000-ஆம் வருஷம் டி.வி.யில் ஒளிபரப்பானது. இனி ஒரு தவறு நடந்தாலும் வேலை போகும் என்று அந்த மே மாதம் பல்கலைக்கழகம் எச்சரித்தது. செப்டம்பரில் வழியில் பார்த்த இன்னொரு மாணவரின் கையைப் பிடித்து இழுத்தார் என்ற புகார். 2000 செப்டம்பர் 10-ஆம் தேதி நைட்டை நீக்கினார்கள்.

அன்று இரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் பல்கலைக்கழகத் தலைவர் மைல்ஸ் பிராண்டின் வீட்டை நோக்கி ஊர்வலம் போனார்கள். நீக்கியவருக்கு எதிராகவும் நீக்கப்பட்டவருக்கு ஆதரவாகவும் கோஷம்! உதவிக் கோச்சாக இருந்த மைக் டேவிஸ் பொறுப்பேற்றார். 2002-ல் டீமை இறுதி ஆட்டம் வரை கொண்டுபோய் மேரிலாண்டிடம் தோற்றார். 2006-ல் அவரும் போனார். இடைக்கால ஏற்பாட்டை விட்டுவிட்டால், நைட்டுக்குப் பின் 2025 வரை அந்த நாற்காலியில் அமர்ந்தவர்கள் ஆறு பேர். 1987-க்குப் பிறகு 2025 வரை ஆண்கள் அணிக்குத் தேசியப் பட்டம் வரவில்லை.

அப்படியானால் நீக்கியது தவறா? நான் அப்படி நினைக்கவில்லை. 'அடியாத மாடு படியாது' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வாத்தியாரிடம் பிள்ளையை ஒப்படைக்கும்போது 'கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததை நீங்க எடுத்துக்குங்க' என்று சொன்ன தகப்பன்மாரின் பிள்ளைகள் நாம். அந்தப் பேச்சு போதும். பிள்ளையின் கழுத்தில் கை வைக்கிறவர் எத்தனை கோப்பை கொண்டுவந்தாலும் கோர்ட்டுக்குள் அவருக்கு இடம் இருக்கக் கூடாது. அங்கே வெற்றி தோல்விக் கணக்கே எழக் கூடாது.

எங்கள் மாஸ்டாரு இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெண்ணையும் கை ஓங்கியதில்லை. மனுவில் அதை யாரும் எழுதவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை.

நைட்டின் கதையில் இன்னொன்றும் இருக்கிறது. நீக்கப்பட்டபின் தன் பழைய அரங்கத்துக்குள் அவர் ஆட்டத்துக்காகக் கால் வைத்தது 2020 பிப்ரவரி 8-ஆம் தேதி. ஏறத்தாழ இருபது வருஷம்! 1980-களில் அவரிடம் ஆடியவர்கள் உட்படப் பழைய மாணவர்கள் கூட நின்றார்கள், அரங்கம் எழுந்து நின்றது. 2023 நவம்பர் 1-ஆம் தேதி அவர் காலமானார். மாற்றம் சரியாகவே இருக்கலாம். ஆனால் பிரிவு முறிவானால் ஒட்டவைக்க ஒரு தலைமுறை ஆகிறது.

நம் ஹைதராபாத் கணக்கு

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் ஊரிலேயே இல்லையா என்பீர்கள். உண்டு.

பாய் எப்போதும் ரஹீம் சாபில்தான் ஆரம்பிப்பார். சையத் அப்துல் ரஹீம் ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் தயாரித்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் கால்பந்து அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. அவர் பயிற்சியில் இந்தியா 1951-ல் டில்லியிலும் 1962-ல் ஜகார்த்தாவிலும் ஆசியத் தங்கம் வாங்கியது. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்ஸில் நான்காம் இடம். நம் செகந்தராபாத் அம்முகுடாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமனை இந்திய அணிவரை ஏற்றிவிட்டவரும் அவரே. ஜகார்த்தா வெற்றியின்போதே ரஹீமைப் புற்றுநோய் பிடித்திருந்தது. 1963 ஜூன் 11-ல் காலமானார். அதற்குப் பிறகு எத்தனையோ கோச்சுகள், வெளிநாட்டவர் உட்பட, வந்து போனார்கள். ஆசியப் போட்டியின் கால்பந்துத் தங்கம் இந்தியாவுக்குத் திரும்ப வரவில்லை.

"ஆள் மாறினா ஆட்டம் மாறும்னு யார் சொன்னது?" என்று பாய் முடிப்பார்.

ஆனால் மாறியும் இருக்கிறதே! 2001-ல் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்ற புல்லேலா கோபிசந்த், கச்சிபௌலியில் பேட்மிண்டன் அகாடமி நடத்துகிறவர். அவரிடம் பயின்ற சாய்னா நேவால் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கினார். 2014 செப்டம்பரில் அதே சாய்னா கோபிசந்தை விட்டு பெங்களூருக்குப் போய் விமல் குமாரிடம் பயிற்சி எடுத்துக்கொண்டார். அன்றைக்கு எங்கள் ஓட்டலில் நடந்த சண்டையைச் சொல்லி முடியாது. 'குருவை விட்ட சிஷ்யை உருப்பட மாட்டாள்' என்று ஒருவர் சாபமே கொடுத்தார். சாபம் பலிக்கவில்லை. 2015-ல் சாய்னா உலகத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். இந்தியப் பெண்களில் அதுவே முதல் முறை. அதே வருஷம் உலகச் சாம்பியன்ஷிப்பில் வெள்ளி. பிறகு 2017 செப்டம்பரில் கோபிசந்திடமே திரும்பி வந்தார், 2018 காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கினார். போனதும் தப்பில்லை, வந்ததும் தப்பில்லை. கோபிசந்தும் கதவைச் சாத்தி வைக்கவில்லை.

பி.வி. சிந்துவின் கதை எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் நடந்தது. அப்பா ரமணா ரயில்வே வாலிபால் ஆட்டக்காரர், அர்ஜுனா விருது பெற்றவர். அம்மா விஜயாவும் வாலிபால் ஆடியவர். சின்னப் பெண்ணாக சிந்து பேட்மிண்டன் ராக்கெட்டைப் பிடிக்கக் கற்றது எங்கள் பக்கத்து ரயில்வே சிக்னல் பயிற்சி நிலையத்தின் கோர்ட்டில், மெஹபூப் அலி என்ற பயிற்சியாளரிடம். அடுத்து கோபிசந்த். 2016 ரியோ ஒலிம்பிக்ஸில் வெள்ளி. 2019-ல் சிந்து உலகச் சாம்பியனானபோது கொரியாவின் கிம் ஜி ஹியூனும் கூட இருந்து பயிற்சி தந்தார். டோக்கியோ வெண்கலம் கொரியாவின் பார்க் டே சாங்கின் பயிற்சியில், 2021-ல். 2023 பிப்ரவரியில் அவரையும் பிரிந்தார். அதற்குப் பிறகும் கோச்சுகள் மாறினார்கள், முன்போலப் பதக்கங்கள் வரவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கோச்சை மாற்றுவது துரோகமும் அல்ல, மருந்தும் அல்ல. 'அ' போடக் கற்றுத்தந்தவரே கடைசிவரை வர வேண்டும் என்பதில்லை. ரயில் ஒரு பெரிய ஸ்டேஷனில் நின்றால் டிரைவர் இறங்கி அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார். வண்டி மேலே போகிறது. ரயில்வேக்காரர்களாகிய எங்களுக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் ஒப்படைக்காமல் யாரும் இறங்குவதில்லை, எந்த டிரைவரையும் நடுவழியில் இறக்கிவிடுவதும் இல்லை.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. கோச்சை மாற்றும் முடிவை சாய்னாவும் சிந்துவும் ஆடுகிற தாங்களே எடுத்தார்கள். எங்கள் கல்லூரியில் முடிவெடுத்தது ஆடாத நாங்கள்.

மாஸ்டாரு வீட்டுத் திண்ணையில்

மனு வேலை செய்தது. அடுத்த பருவத்துக்கு வேறு ஏற்பாடு என்று மாஸ்டாருவிடம் இரண்டு வரிக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். வழியனுப்பு விழா இல்லை, ஒரு மாலை இல்லை. மறுநாள் விடிகாலை ஐந்தரைக்கு வழக்கம்போலப் போன பெண்கள் கோர்ட் பூட்டியிருப்பதைப் பார்த்துத் திரும்பி வந்தார்கள். என் மகள் அன்று என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாலாகுடா பக்கம் இருந்த அவர் வீட்டைத் தேடிப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காபி வந்தது. குடித்து முடித்துவிட்டு, "மாஸ்டாரு, அந்த மனுவுல நானும் கையெழுத்துப் போட்டேன்" என்றேன்.

"தெரியும் சார், காட்டினாங்க. ஏழாவது. தமிழ்ல போட்டிருந்தீங்க" என்று தெலுங்கில் சொல்லிச் சிரித்தார்.

பிறகு அவரே பேசினார். தன் ஆட்டம் பழசாகிவிட்டது உண்மைதான் என்றார். புது விதிகள், புது வேகம், தன் முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றார். "ஒருத்தர் வந்து முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தா நானே நல்ல ஆளா பார்த்துக் கொடுத்திருப்பேனே சார். வேலை போனதுல வருத்தமில்லை. அது ஒண்ணும் சம்பளமும் இல்லை. கோர்ட்டைப் பூட்டிட்டாங்க பாருங்க, அதான்."

உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து வந்தார். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம். யாருக்கு எந்தக் கணுக்காலில் பழைய அடி, யார் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருகிறாள், யார் வீட்டில் ஆட விட அரைமனசு, யாரைக் கடைசி பஸ்ஸுக்கு முன் அனுப்ப வேண்டும். என் மகளின் பக்கத்தில், 'இடது கைப் பக்கம் பந்து கொடுத்தால் தயங்குகிறாள். திட்டக் கூடாது. தனியாகச் சொன்னால் கேட்பாள்' என்று எழுதியிருந்தது. இருபது வருஷமாக நான் வளர்க்கிற பெண். தனியாகச் சொன்னால் கேட்பாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"புதுசா வர்ற அம்மாகிட்ட இதைக் கொடுத்துடுங்க" என்றார்.

புது கோச் பாட்டியாலாவின் தேசிய விளையாட்டு நிலையத்தில் டிப்ளமா வாங்கிய இளம்பெண். நோட்டுப் புத்தகத்தைத் தயக்கத்தோடுதான் கொடுத்தேன். "யாரோ பெரியவரின் பழைய குறிப்பு" என்று ஓரமாக வைத்துவிடுவார் என்று நினைத்தேன். நின்ற இடத்திலேயே நான்கு பக்கம் படித்துவிட்டு, "அவர் வீடு எங்கே சார்?" என்று கேட்டார். அந்த வாரமே போய்ப் பார்த்தும் வந்தார்.

கோப்பை வந்ததா என்று கேட்கிறீர்களா? வரவில்லை. முதல் ரவுண்டையும் இரண்டாவது ரவுண்டையும் தாண்டினார்கள். மூன்றாவதில் தோற்றார்கள். ஆட்டத்தில் வேகம் கூடியிருக்கிறது. மாற்றம் தேவைதான் என்று எதிர்க்கட்சிக்காரர் சொன்னது பொய்யில்லை. அந்த மூன்றாவது ஆட்டத்தைப் பார்க்க, பெண்கள் ஆட்டோ பிடித்துப் போய் மாஸ்டாருவை அழைத்து வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஆட்டம் முடிந்ததும் அங்கேயே, கோர்ட்டின் ஓரத்தில், ஒரு சால்வையும் ஒரு பழத்தட்டும். கல்லூரி செய்யவில்லை. பிள்ளைகள் செய்தார்கள். மனுவில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் வரவில்லை. வந்தவர்களில் நானும் ஒருவன் என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே ஆறுதல்.

நமக்குச் சொல்ல நினைப்பது

நம் சங்கத்துக் குடும்பங்களில் பாட்டு டீச்சரை மாற்றுகிறோம், டான்ஸ் டீச்சரை மாற்றுகிறோம், டியூஷன் மாஸ்டரை மாற்றுகிறோம். மாற்றக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மாற்றுமுன் மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, கற்றுக்கொள்கிற பிள்ளையைக் கேளுங்கள். அங்கே அடியோ அவமானமோ இருந்தால் அதுதான் முதலில் தெரியவரும், அப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம். இரண்டாவது, வாத்தியாரிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் மனுப் போடாதீர்கள். மூன்றாவது, முறையாக விடைபெறுங்கள். ஒரு தட்டு வெற்றிலை பாக்குக்கு என்ன செலவாகிவிடும்? சொந்த ஊரை விட்டு வரும்போது யார் யாரிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் வந்தோம் என்பது நாற்பது வருஷம் கழித்தும் நமக்கு உறுத்துகிறதல்லவா? அந்த உறுத்தலை நம் பிள்ளைகளுக்கும் சொத்தாக வைத்துவிட்டுப் போக வேண்டாம்.

இரானி ஓட்டலில் இப்போது வேறு சர்ச்சை ஓடுகிறது. தெருப் பையன்கள் கிரிக்கெட் கற்கும் இடத்தில் கோச் சரியில்லையாம். ஒருவர் வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவிட்டார்.

"பசங்களைக் கேட்டீங்களா?" என்றேன்.

பாய் எனக்கு இன்னொரு சாய் சொன்னார்.